வகிடு மாறிய படம்

தலை வாரும்போது கொஞ்சம் அசைந்தாலும் சீப்பின் முதுகால் ஒரு குட்டு வைக்கிற என் அம்மாவுக்கு,

கோமு எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷமும் பதினோரு நாளும் ஆகிவிட்டது. தென்காசியில் சாரல் விட்டபாடில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரமாகவே தொங்குகிறது. அத்தை நம் வீட்டோடு வந்துவிட்டாள். அவள் குழம்பில் போடுகிற உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை, அப்பாவும் சொல்வதில்லை. நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறோம்.

பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ‘என் அன்னை’ என்று ஒரு கட்டுரை கேட்டார் தமிழ் டீச்சர். எல்லாப் பிள்ளைகளும் அன்னை ஒரு தெய்வம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தால் தெய்வம் வரமாட்டேன் என்கிறது, நீதான் வருகிறாய், அதுவும் கையில் விளக்குமாறோடு. சரி, உனக்கே எழுதிவிடுவோம் என்று ஆரம்பித்தேன். டீச்சர் படிக்கட்டும், ஒன்பதாம் வகுப்புப் பொடிசுகளும் படிக்கட்டும். தெருவுக்கே தெரிந்த பிறகு நோட்டுக்குத் தெரிந்தால் என்ன?

இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தேன். சும்மாதான் இருக்கிறார். அவர் சும்மா இருப்பதுதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் செய்கிறது.

அந்த மீசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வீட்டில் உன் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம், கல்யாணமான புதிதில், அப்பா உன்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீட்சைக்குப் படி என்று சொல்லி என்னை அந்தப் படத்துக்கு எதிரிலேயே பேனாவோடு உட்கார வைத்தது உன் தப்பு. சட்டத்தைக் கழற்றி, படத்தை வெளியே எடுத்து, உனக்கு முறுக்கு மீசை வரைந்தேன். இரண்டு நுனியும் காதுவரை போனது. என் கைவண்ணத்தில் இதுவரை அதை மிஞ்சியது கிடையாது.

நீ பார்த்தாய். விளக்குமாறை எடுத்தாய். கிணற்றைச் சுற்றி இரண்டு சுற்று விரட்டினாய். மூன்றாவது சுற்றில் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாய்.

“பாவி மட்ட, எங்க அய்யாவே வந்து உக்காந்த மாதிரில்லா இருக்கு” என்றாய். பிறகு, “உங்க அப்பா பாத்தாகன்னா உன் தோல் மிஞ்சாது. கொண்டா, சாவகாசமா அழிச்சுக்கிடலாம்” என்று டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாய். படம் எங்கே என்று அப்பா கேட்டபோது, கண்ணாடி உடைந்துவிட்டது, பெட்டியில் இருக்கிறது என்று நீ சொன்ன பொய் இருக்கிறதே, என்னுடைய பொய் ஒன்றும் அதன் கால்தூசிக்கு வராது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

அந்தச் சாவகாசம் வரவில்லை. அடுத்த ஆடியில் காய்ச்சல்தான் வந்தது.

இந்த வருஷம் உன் திவசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ரயில்வே ஸ்டேஷனுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா செருப்பைப் போட்டபடி சொன்னார். “ஏட்டி கோமு, அம்மா படம் பெட்டிக்குள்ள கெடக்குல்லா. அதை எடுத்துத் தொடச்சு வையி. கண்ணாடி மாத்தி, அவ நாளன்னைக்கு மாட்டணும். வீட்டுல அவ மூஞ்சி இல்லாம என்னமோ மாதிரி இருக்கு.”

அப்பா தெருமுனை திரும்பியதும் பெட்டியைத் திறந்தேன். மீசை அப்படியே கம்பீரமாக இருந்தது. துணியில் மை பட்டால் நீ என்ன செய்வாய்? எலுமிச்சம்பழம் தேய்ப்பாய். நானும் பஞ்சில் எலுமிச்சைச் சாற்றை நனைத்துத் தேய்த்தேன். மீசை போனது. மீசையோடு மூக்கும் போனது. பதறிப்போய் ஓரத்தைச் சரிசெய்யலாம் என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். படத்தின் மேல்பூச்சு பாலாடை மாதிரிச் சுருண்டு என் விரலோடு வந்துவிட்டது.

நெற்றிக்குக் கீழே, தாடைக்கு மேலே வெறும் வெள்ளைத் தாள். அதைச் சுற்றி உன் முடி மட்டும் ஒரு இழைகூடக் கெடாமல் இருந்தது. நெற்றிக்கு மேலே மூன்று அலை, முக்கால் காதை மூடிக்கொண்டு இறங்கி, பின்கழுத்தில் தாழ்வாக ஒரு கொண்டை. எல்லாம் இருந்தது அம்மா, நீதான் இல்லை.

அடுத்த வீட்டுச் சபியாவைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டேன். அவளும் என் வகுப்புதான், என் குறும்பில் பாதிக்குப் பங்காளி. படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“என்னட்டி இது, உங்கம்மாவுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்க?”

“அழிஞ்சு போச்சுட்டி.”

“உங்கப்பாட்ட சொல்லிரு.”

“நீ சொல்லுதியா?”

சபியா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். “கொண்ட இருக்கு. காது இருக்கு. மூஞ்சி ஒண்ணுதான இல்ல. அது உங்கிட்ட இருக்குல்லா” என்றாள்.

ஊரே நான் உன் அச்சு என்றுதானே சொல்லும். அந்த முடியை என் தலையில் கொண்டுவந்துவிட்டால், குற்றாலத்தில் ஒரு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்துவிட்டால், வேலை முடிந்தது. அப்பாவுக்கு அவர் கேட்ட முகம் கிடைத்துவிடும். எனக்கு என் தோல் மிஞ்சும். முடி விஷயம்தானே, முடியாதா என்ன என்று நினைத்தேன்.

முடியவில்லை. இந்தக் காலத்தில் யார் அப்படி வாருகிறார்கள்? எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன். கொஞ்சம் தைரியமுள்ளவர்கள் உச்சியில் ஸ்பாஞ்சு வைத்துத் தூக்கிக்கொண்டு, வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து வருகிறார்கள். ஓரத்து வகிடும் அலையும் உங்கள் காலத்தோடு போய்விட்டன. அதை எப்படிச் செய்தாய் என்று நீ ஒரு தடவை சொன்னது நினைவு வந்தது. அரிசிக் கஞ்சியைத் தடவி, ஈர்க்குச்சியில் சுற்றி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே தூங்கினேன் என்று சொன்னாய். எவ்வளவு கஞ்சி, எத்தனை குச்சி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அப்போது உன் முந்தானையைக் கட்டில்காலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கஞ்சி போட்டுப் பார்த்தேன். காய்ந்ததும் முடி அப்பளமாக விறைத்தது. சீப்பை வைத்தால் பொரபொரவென்று உதிர்ந்தது. மத்தியானத்துக்குள் எறும்பு வந்துவிட்டது.

சபியாவின் வாப்பா சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருக்கிறார் இல்லையா, போன தடவை வந்தபோது மின்சாரத்தில் சூடாகிற ஒரு கம்பி கொண்டுவந்திருக்கிறார். முடி சுருட்டுகிற கம்பி. அவள் உம்மா அதை அப்பளம் பொரிக்கிற இடுக்கி என்று நினைத்து அடுக்களை ஆணியில் மாட்டிவைத்திருந்தாள். “இங்கன சுருள நேராக்க எண்ணெய் எண்ணெயாத் தேய்க்கோம். அங்கன நேரா இருக்கதச் சுருட்ட கரண்ட் செலவழிக்காக” என்றாள் சபியா. கம்பி வந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் காகிதத்தை அவள் வாசித்தாள், நான் தலையைக் கொடுத்தேன்.

நம் வீட்டில் மின்சாரம் இருப்பது பல்பு தொங்குகிற இடத்தில் மட்டும்தான். பல்பைக் கழற்றி அந்த இடத்தில் கம்பியின் ஒயரை மாட்டினோம். வெளிச்சம் வேண்டுமென்றால் சூடு கிடையாது, சூடு வேண்டுமென்றால் வெளிச்சம் கிடையாது. சாரல் மூடிய பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் கற்றையைச் சுற்றினாள் சபியா. புகை வந்தது. அத்தை பின்கட்டிலிருந்து மூக்கை உறிஞ்சினாள்.

“ஏட்டி, என்ன ரோமம் பொசுங்குத வாட அடிக்கு?”

“அடுத்த வீட்டுல கோழி வாட்டுதாக அத்த.”

“எங்க வீட்டுல இன்னைக்குக் கத்திரிக்காட்டி” என்று சபியா என் காதைத் திருகினாள்.

மூன்று நாள் பழகினோம். எண்ணெய்த் தலையாக இருந்தால் புகையும், அலை நிற்காது. சீயக்காய் போட்டு அலசி, பொட்டு எண்ணெய் இல்லாமல் காயவைக்க வேண்டும். விரல் கனத்துக்குத்தான் கற்றை எடுக்க வேண்டும். முதல் வரிசையை உள்பக்கம் சுருட்டினால் அடுத்த வரிசையை வெளிப்பக்கம் சுருட்ட வேண்டும், பிறகு அகலப் பல் சீப்பால் மெதுவாக இழுத்தால் இரண்டும் சேர்ந்து அலையாக விழும். பள்ளத்தில் ஒரு ஸ்லைடு. நீ சவுரி வைத்துக் கொண்டை போட்டிருப்பாய். நாங்கள் சபியா அண்ணனின் நைலான் காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே நைலான் வலை போட்டோம். துவைத்த காலுறைதான், முகம் சுளிக்காதே. கடைசியில் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து மேலாகத் தடவினால் படத்தில் இருந்த பளபளப்பு வந்தது.

அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் உன் முகமில்லாத படத்தைச் செருகிவைத்திருந்தேன். கண்ணாடியில் தெரிகிற கோமுவையும் பக்கத்தில் இருக்கிற உன்னையும் மாறிமாறிப் பார்த்து, வகிடு, அலை, காதோரம் எல்லாம் ஒன்றுக்கொன்று நேராக வருகிறவரை கலைத்துக் கலைத்து வாரினேன். இம்மி பிசகவில்லை என்றுதான் நினைத்தேன்.

சரியாக வந்த அன்றைக்குச் சபியா சீப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

“என்னட்டி, நல்லா இல்லையா?”

“இருக்கு. உங்கம்மா என்னப் பாத்ததும் சாப்பிட்டியாட்டின்னு கேப்பாங்க. நீ கேக்காம நிக்க. அதான்” என்றாள்.

எனக்கு அப்போதே கலைத்துவிடலாம் என்று தோன்றியது. ஏன் கலைக்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை சபியாவின் உம்மா அருவியில் குளிக்கப் போகிறாள், நானும் போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். உம்மாவிடம் பாதி உண்மை சொன்னோம், அம்மா மாதிரி சீவிக்கொண்டு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று. மீதிப் பாதியை உம்மா கேட்கவில்லை. உன் பழைய பட்டுப்புடவையையும் படத்தில் இருக்கிற அந்தக் கை புடைத்த ரவிக்கையையும் உடுத்திக்கொண்டேன், இரண்டிலும் பாச்சை உருண்டை வாசம். ஆனால் சாரலில் நனைந்தால் மூன்று அலையும் மூன்று நிமிஷத்தில் படுத்துவிடுமே. உம்மா தன் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து என் தலைக்கு மேல் கூடாரம் மாதிரிப் போர்த்திவிட்டாள். பஸ்ஸில் நம் தெருப் பால்காரர் எனக்கு இடம்விட்டு எழுந்து நின்று, “யாரு, ஊர்ல இருந்து வந்த பிள்ளையா?” என்று கேட்டார். “ஆமா, கடையநல்லூர் பிள்ள. வாய் பேசாது” என்றாள் உம்மா. என் வாழ்க்கையில் நான் வாய் பேசாமல் போன ஒரே பயணம் அதுதான்.

ஸ்டுடியோவில் துணியில் வரைந்த அருவி தொங்கியது. வெளியே நிஜ அருவி இரைகிறது, உள்ளே நீல வண்ண அருவிக்கு முன்னால் நாற்காலி. படம் பிடிப்பவர் என் தலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன தாயி, இது எந்தக் காலத்துக் கொண்ட? இப்பம்லாம் உச்சியில தூக்கி வைக்காக.”

“எங்க அம்மா காலத்துக் கொண்ட அண்ணாச்சி. படமும் கொஞ்சம் பழசாத் தெரியணும்.”

“எல்லாரும் வந்து புதுசா எடுத்துத் தாங்கன்னு கேப்பாக. நீ பழசு கேக்க. சரி, சிரிக்காத. அந்தக் காலத்துப் பொம்பளைக படத்துல சிரிக்க மாட்டாக.”

நீ சிரித்தாயா அம்மா, அந்தப் படத்தில்? எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இப்போது யோசித்தால் மீசைதான் வருகிறது.

ஐந்து நாள் கழித்துச் சபியாவின் அண்ணன் படத்தை வாங்கிவந்தான். தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, நிழலில் உலர்த்தினோம். பழுப்பேறி, பதினாறு வருஷம் பெட்டியில் கிடந்த மாதிரியே ஆகிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் முகம் உன்னைப் போல் இருக்கிறதா என்று மட்டும்தான்.

சாயங்காலம் அப்பாவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கண்டுபிடித்துவிடுவார், திட்டுவார், முதுகில் இரண்டு விழும், அதோடு முடியும் என்று ஒரு பக்கம் ஆசையாகக்கூட இருந்தது.

“இவ கண்ணு இவ்வளவு சின்னதாவா இருந்துது?” என்றார்.



“வகிடு இந்தப் பக்கமா எடுத்திருந்தா?” என்றார் பிறகு. படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். “அன்னைக்குப் பஸ்ல அவ ஜன்னல் பக்கம். நான் அவளுக்கு வலக்கைப் பக்கம். குத்தாலம் போற வரைக்கும் அந்த வகிட்டையே பாத்துக்கிட்டு வந்தேன். புதுப் பொண்டாட்டி மூஞ்சிய நேரா எங்கன பாக்க? வகிடு எம் பக்கம்லா இருந்துது. இதுல எடப்பக்கம் இருக்கு.”

அவர் கைகால் கழுவப் போனதும் ஓடிப்போய் உன் பழைய படத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் வகிடு வலப்பக்கம். என் வகிடு இடப்பக்கம். கண்ணாடியைப் பார்த்து வாரினேன் இல்லையா, கண்ணாடியில் சரியாக வந்தது தலையில் மாறிப்போயிருந்தது. இவ்வளவு பெரிய கெட்டிக்காரிக்கு அது தோன்றவே இல்லை.

அப்பா சொன்னதுதான் சரி. அதை நான் மட்டும்தான் அவருக்குச் சொல்ல முடியும். சொன்னால் உன் முகத்தை நான் தேய்த்து அழித்ததும் வெளியே வரும். நான் சொல்லவில்லை. மறுநாள் அவர் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே அத்தையிடம் சொன்னார். “நான்தான் ஜன்னல் பக்கம் இருந்திருப்பேன் போலுக்கு. ஒரு வருஷத்துல எனக்கு அவளே மறந்து போச்சு பாத்தியா?”

“வயசாவுதுல்லா” என்றாள் அத்தை. அப்பாவுக்கு நாற்பது.

அந்த எட்டு நாளை எப்படிச் சொல்ல? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போக என்று தெரியவில்லை. வகுப்பில் ஒருத்தி பின்னலையும் நாற்காலியில் கட்டவில்லை. டீச்சர் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்பா வேலையிலிருந்து வந்ததும் சட்டம் போட்டு வந்த படத்துக்கு முன்னால் நிற்பார். ஒருநாள் கையை இடமும் வலமும் மாற்றிவைத்து என்னமோ யோசித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் யார் எங்கே என்று சரிபார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் உன் மூஞ்சியை மட்டும் அழிக்கவில்லை அம்மா, அவருக்குள் இருந்த உன்னையும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உன் நாள் வந்தது. திவசம் முடிந்து, காக்கைக்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு அத்தை படத்தை முன்கட்டுச் சுவரில் மாட்டினாள். கண்ணாடிமேல் நெற்றி இருக்கிற இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ரோஜாமாலையைச் சட்டத்தில் போட்டு, விளக்கேற்றினாள். சபியாவின் உம்மா வாசலோரம் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மீதிப் பாதி அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

உயிரோடு இருக்கிற ஒருத்தியின் படத்துக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பயமாகத்தான் இருந்தது. அதற்காகக்கூட நான் வாய் திறக்கவில்லை. என்ன ஆனாலும் பரவாயில்லை, நாம் செய்ததற்கு நாமே மாட்டிக்கொள்வோம் என்று நின்றேன்.

அப்போது அப்பா உம்மாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். “கல்யாணமான புதுசுல எடுத்ததும்மா. பஸ்ல போனோம். நான் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தேன். அவ எனக்கு இந்தப் பக்கம்...”

அத்தையிடம் சொன்னபோது இருந்த ‘போலுக்கு’ போய்விட்டது. அவர் தன் நினைவையே மாற்றிக்கொண்டுவிட்டார்.

“எப்பா” என்றேன். “அம்மாதான் ஜன்னல் பக்கம்.”

“உனக்கு எப்படிட்டி தெரியும்? நீ அப்பம் பொறக்கவே இல்ல.”

“நீங்க மறக்கல. வகிடு வலப்பக்கந்தான். இந்தப் படத்துல இருக்கது அம்மா இல்ல. நான்.”

அத்தைக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. அவர் என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடினேன். மாலை அறுந்து விழுகிற சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, வேட்டி நுனியால் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது போகாமல் கண்ணாடி முழுக்கச் சிவப்பாகப் பரவியது. எச்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். “எம் பிள்ளைக்கு மாலை போட்டுட்டேனே, எம் பிள்ளைக்கு மாலை போட்டுட்டேனே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கை வாயால் ஊதி அணைத்தார். பிறகு என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துவந்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வந்தது, எல்லாரும் இருமினோம். நான் அழுததை யாரும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

“அவ படம் எங்க?” என்று பிறகு கேட்டார்.

கொண்டுவந்து கொடுத்தேன். மீசை, எலுமிச்சம்பழம், கம்பி, துப்பட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி உடைந்தது பொய் என்றும் சொன்னேன். உன்னையும் காட்டிக்கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். அவர் காது கொடுத்தாரா என்றே தெரியவில்லை. முகமிருந்த வெள்ளை இடத்தைப் பார்க்காமல், மேலே அந்த வகிட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக நடத்தினார்.

“வலப்பக்கந்தான்” என்றார். “நான் சொன்னேம்லா. ஜன்னல் பக்கம் அவதான். முட்டியில பைய வச்சுக்கிட்டு வந்தா.”

அந்தப் பை எங்களுக்குப் புதுசு. அதுவரை அவர் சொன்னதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “மீசையப் பாத்து அவ என்னட்டி சொன்னா?” என்று கேட்டார்.

“அவங்க அய்யாவே வந்து உக்காந்த மாதிரி இருக்குன்னு சொன்னா.”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. சிரித்தாரா? நான் முன்னால் போய்ப் பார்க்கவில்லை. நீயாக இருந்தால் பார்த்திருப்பாய்.

இது நடந்து பதினோரு நாள் ஆகிறது. இன்றுவரை ஒரு ஏச்சு ஏசவில்லை. உன் படத்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். என் படத்தைக் குங்குமக் கறை போகக் கழுவி, மாலை இல்லாமல், எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் இது யாரு என்றால் “எம் மக” என்கிறார். ஆனால் சில சமயம் நான் குறுக்கே நடக்கும்போது அவர் கண் என்மேல் நின்றுவிடுகிறது. அப்போது யாரைப் பார்க்கிறார் அம்மா? கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது உன் மச்சம் எந்தக் கன்னத்தில் என்று கேட்டார். நான் இடது என்றேன். அவர் வலது என்றார். மச்சமே கிடையாது என்றாள் அத்தை. பார்த்துச் சொல்ல முகம் இல்லை. அதற்குக் காரணம் நான். எனக்குத் தெரியாதுப்பா, இடது என்று சும்மாதான் சொன்னேன் என்று அப்புறம் ஒத்துக்கொண்டேன். “சரி, தெரியாட்டா விடு” என்றார். அது ஒன்றைத்தான் இந்தப் பதினோரு நாளில் அவர் என்னிடம் இளக்கமாகச் சொன்னார்.

ஆகையால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், டீச்சரும் பிள்ளைகளும் சாட்சி. குறும்பை விட்டுவிடுவேன் என்று சொல்லமாட்டேன், நீயே நம்பமாட்டாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அப்பாவுக்குச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். நீ இல்லாத இடம் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், அதில் என் மூஞ்சியை வைத்து அடைக்கமாட்டேன்.

உன்னை உரித்து வைத்த மாதிரிப் பிறந்து,
உன்னையே உரித்தும் விட்ட உன் மகள்,
கோமு